லோபாக் சந்தில் ஐந்து கடைகள்

மயிலம்மாள் அன்று லோபாக் டவுனுக்கு நடந்தது மலேரியாவுக்கான கொய்னா மாத்திரைக்காக, சாப்பிடுவதற்காக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பின்னால் தோட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். அவளுக்கு நாக்கு நீளம் என்றார்கள், வயிற்றை வளர்க்கப் போய் வினையை வாங்கி வந்தவள் என்றார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவரையாவது, மாதக்கணக்கில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறொன்றும் பார்க்காத வயிற்றோடு அந்தச் சந்து முனையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். யார் நாக்கு எவ்வளவு நீளம் என்று அப்போது தெரிந்திருக்கும்.

மாத்திரை அவளுக்கல்ல, அவள் புருஷன் தங்கராஜுவுக்கு. அங்கேதான் சிக்கல். ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் பேர் எழுதும் செக்ரோல் புத்தகத்தின்படி தங்கராஜு செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். முதல் லாரியில் இருபத்திரண்டு பேர் போனார்கள். இரண்டாவது லாரியில் பத்தொன்பது பேர். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொன்னார்கள். ஆளும் வரவில்லை, ஒரு வரிக் கடுதாசியும் வரவில்லை. மூன்றாவது லாரிக்குப் பட்டியல் கேட்டபோது தோட்டத்தில் மலேரியா. ஒரே வாரத்தில் மூன்று பேர் செத்தார்கள். தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி அமிர்தலிங்கம் அந்த மூன்று பேருக்கும் செக்ரோலில் சிவப்பு மையால் கோடு போட்டபோது, காய்ச்சலில் கிடந்த தங்கராஜுவின் பேருக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டார். இருவரும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பல் ஏறி வந்தவர்கள். கப்பல் கூட்டாளிக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வெளியே தெரிந்தால் அவர் தலை கழுத்தில் நிற்காது.

அன்றிலிருந்து தங்கராஜு புகைக்கொட்டகைப் பரணில் குடியிருந்தான். ரப்பர் வெட்டுவது நின்றுபோன பிறகு, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயப்போடும் அந்தக் கொட்டகை சும்மா சாத்திக் கிடந்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்துக்கு எதிரிலேயே இருந்ததால் அதற்குள் ஆள் இருப்பான் என்று யாரும் நினைக்கவில்லை. இரவோடு இரவாகப் புதைத்துவிட்டதாகக் கிராணி சொல்லிவிட்டார். மயிலம்மாள் பொட்டை அழித்தாள், தாலியைக் கழற்றினாள், கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயத்து வாசலில் உட்கார்ந்து ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள். நன்றாகவே அழுதாள். உயிரோடு இருக்கிறவனுக்கு அழுகிறோமே என்ற பயத்திலேயே பாதி அழுகை தானாக வந்தது. விஷயம் தெரிந்தவர்கள் அவளையும் கிராணியையும் விட்டால் இரண்டே பேர்: அடுத்த வீட்டு முருகையாவும் அவன் பெண்டாட்டி பஞ்சாலையும். முருகையா அவளுக்குக் கூடப் பிறக்காத அண்ணன். பரணுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவதும், கீழே ஆள் நடமாட்டம் பார்த்து விசில் அடிப்பதும் அவன்தான்.

செத்தவனுக்கு ரேஷன் கிடையாது. ஒரு பொம்பளைக்கு அளக்கிற அரிசியை இரண்டு வயிறு பங்கு போட்டது. மிச்சத்துக்குக் கிழங்கு. கிழங்கு அவியல், கிழங்கு ரொட்டி, கிழங்குக் கஞ்சி. போன வாரம் தங்கராஜுவுக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. பரண் பலகை கடகடவென்று ஆடுகிற அளவுக்கு நடுங்கினான். கீழே நின்றால் சத்தம் கேட்கும். அதனால்தான் மயிலம்மாள் இரண்டு பப்பாளியையும் ஆறு முட்டையையும் கூடையில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் ரெம்பாவ் பாதையில் ஏறி ஆறு மைல் நடந்தாள்.

லோபாக் மருந்துக்கடைச் சீனக் கிழவர் முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எட்டு மாத்திரை கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பியபோதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் காப்பி. சோளத்தைக் கருக்கிப் பொடித்து, அதைக் காப்பி என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக் குடித்துக்கொண்டிருந்த நாளில், அசல் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை. அதற்குப் பின்னால் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை. அதற்கும் பின்னால் வடித்த சோற்றின் வாசனை. கிழங்கு கலக்காத, புழு நெடி அடிக்காத வெறும் வெள்ளைச் சோறு. அவள் கால் நடுரோட்டில் நின்றுவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் பார்த்தபோது அந்தச் சந்தில் பூட்டிய கதவும் குப்பையும்தான் இருந்தன. இப்போது புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஐந்து கடைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பலகை, பலகையில் ஒரு படம்: கோப்பை, மீன், தேங்காய், ரொட்டி, கடைசியில் கத்தியும் முள்ளும். எழுத்துத் தெரியாத கண்ணுக்கும் புரிகிற மாதிரி. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஒருவன் பல் குத்திக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் சாக்கைக் கட்டிக்கொண்டு கிழங்கு தோண்டும்போது இப்படி ஒரு இடமா? கனவில் வந்திருந்தால்கூட அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"அடி ஆத்தி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

சந்து முனையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆள் அதைக் கேட்டுச் சிரித்தான். சலவை செய்த வெள்ளைச் சட்டை, முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம். கடைக்காரர்கள் அவனைக் கணேசமூர்த்தி என்று கூப்பிட்டார்கள்.

"வாங்கக்கா. எந்தத் தோட்டம்?"

சொன்னாள்.

"தோட்டத்து ஆளுங்களுக்கு ஓசிலா. அஞ்சு கடையிலயும் சாப்பிடலாம். போறப்ப வீட்டுக்கு ஒரு பொட்டலம் சோறு."

"ஓசியா? எதுக்குங்க?"

"கடை புதுசுக்கா. நாலு பேரு தின்னு பாத்துட்டுப் போயி நாலு எடத்துல சொன்னாத்தானே யாவாரம் நடக்கும்? காசெல்லாம் ஒண்ணும் வேணாம். வீட்டு ஆம்பள பேரு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வேறு இடத்துப் பொம்பளையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். தோட்டத்துப் பொம்பளைக்கு யோசனை வராது. தோட்டத்தில் எல்லாமே பேர்தான். விடியற்காலையில் பிரட்டில் வரிசையாக நின்றால் பேர் விழும். பேர் விழுந்தால் கூலி, பாதி நாள் வேலைக்கு அரைப்பேர், பேர் இருந்தால் அரிசி. நோட்டுப் புத்தகத்தோடு ஒருவன் உட்கார்ந்து பேர் கேட்டால் அவன் எதையோ அளந்து கொடுக்கப்போகிறான் என்றுதான் அவளுக்குத் தெரியும். பிறந்த நாளிலிருந்து அவள் பார்த்த உலகம் அப்படித்தான் நடந்தது.

ஆனால் எந்தப் பேரைச் சொல்வது? வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பளையின் பேரைத்தான் சொல்லக்கூடாது. புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. இந்த எட்டு மாதத்தில் அந்தப் பேரை நினைக்கும்போதே பல்லைக் கடித்துக்கொள்ளப் பழகியிருந்தது.

"வீட்டுல ஆம்பளயே இல்லயாக்கா?" கணேசமூர்த்தியின் பார்வை அவளுடைய வெறும் நெற்றிக்கும் வெறும் கழுத்துக்கும் போய் வந்தது. "ஆம்பள பேரு இல்லாம பொட்டலம் இல்லலா."

சோற்று வாசனை மறுபடி ஒரு முறை வந்தது.

"இருக்காங்க. எங்கண்ணன் இருக்காங்க."

"பேரு?"

"முருகையா."

அவ்வளவுதான். பேனா ஓடியது. அவளுடைய மணிக்கட்டில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினான். முருகையா அண்ணனுக்குத் தெரிந்தால் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்தாள். பொட்டலத்தில் பாதியை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

கோப்பைப் படம் போட்ட கடையில் ஹைலாம் சீனர் ஒருவர் ரொட்டித் துண்டைக் கரியில் வாட்டி, தேங்காயும் முட்டையும் சீனியும் கிண்டிய காயாவைத் தடவிக் கொடுத்தார். காப்பி தொண்டைக்குள் இறங்கும்போது அவளுக்குக் காது இரண்டும் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. அடுத்து மீன் படம் போட்ட ஜப்பான் கடை. வாசலிலேயே பயந்து நின்றாள். உள்ளே இருந்த ஜப்பான் பொம்பளை தலையைக் குனிந்து கூப்பிட்டாள். ஜப்பான்காரி ஒருத்தி தன்னைப் பார்த்துத் தலை குனிந்ததில் மயிலம்மாள் பதறி, பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள். கைக்கு அடக்கமாக உருண்டை பிடித்த சோறு, அதைச் சுற்றி ஏதோ கறுப்புத் தாள், நடுவில் உப்பும் புளிப்புமாக ஒரு சின்னப் பழம். நம்முடைய நார்த்தங்காய் ஊறுகாயின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம். அதைத் தின்று முடித்த கையோடு ஒரு தட்டு வந்தது. தட்டில் மீன். வேகவைக்காத, வறுக்காத, பச்சை மீன். மயிலம்மாள் தட்டையும் பார்த்தாள், தட்டைக் கொண்டுவந்தவளையும் பார்த்தாள். நாட்டையே பிடித்தவர்களுக்கு ஒரு அடுப்புப் பற்றவைக்கத் தெரியவில்லையா என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எழுந்து, மறுபடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவினாள்.

தேங்காய்ப் படக் கடையில் ரெம்பாவ் பக்கத்து மலாய் அம்மா ஒருவர் மஞ்சள் மஞ்சளாக ஒரு குழம்பு ஊற்றினார். தேங்காய்ப்பாலில் காட்டுக் காந்தாரி மிளகாயை அரைத்துப் போட்ட லெமாக். முதல் வாயிலேயே கண்ணும் மூக்கும் ஒழுகின. அழுகையா, காரமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மா பேசாமல் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். ரொட்டிப் படக் கடையில் மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் ஒருவர் மாவை வீசி அடித்து, விசிறி மாதிரி விரித்துச் சுட்டுக் கொடுத்தார்.

கடைசிக் கடையில் தமிழ்க் குரல் கேட்டது. டோரின் என்று ஒரு வேதக்காரப் பொம்பளை. லுக்குட் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையல் செய்தவளாம். துரை ஓடிப்போன பிறகு கரண்டியோடு இங்கே வந்துவிட்டாள். கட்லெட் ஒன்றும், கிண்ணத்தில் ஏதோ மஞ்சள் தண்ணீரும் வைத்தாள்.

"இது என்னாக்கா?"

"துரைமாரு குடிக்கிற சூப்புலா. ரொம்ப ஒசத்தி."

மயிலம்மாள் ஒரு மடக்குக் குடித்தாள். இன்னொரு மடக்குக் குடித்தாள். "நம்ம மிளகுத்தண்ணிதானேக்கா இது! இதுக்கா அந்தத் துரைங்க கத்தி, முள்ளு, துண்டெல்லாம் வச்சிக்கிட்டு உக்காருறாங்க?"

டோரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதயே நான் எங்க துரைசானிக்கிட்ட சொன்னேன். நம்பலயே!" பிறகு சிரிப்பு குறைந்தது. சந்து முனை மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லாத் தின்னு. ஆக்கிப் போடுன்னாங்க, போடுறேன். எதுக்குன்னு கேட்டா அடி விழுது" என்றாள்.

அது மயிலம்மாளின் காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் வாயில் கட்லெட் இருந்தது. மிளகு வாசனையோடு அது நாக்கில் உதிர்ந்துகொண்டிருந்தபோது வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை எதற்கு மறைக்க வேண்டும்? எட்டு மாதத்தில் முதல் முறையாக யாருக்கும் விதவையாக நடிக்காமல், யாருக்கும் பயப்படாமல், ஒரு பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் இத்தனை விதமாகச் சோறு தின்கிறார்களா என்ற திகைப்பு அவளுக்கு வீடு வந்து சேரும்வரை அடங்கவில்லை.

பொட்டலம் கனமாகத்தான் இருந்தது. லயத்துக்கு வந்ததும் பாதியைப் பஞ்சாலையிடம் கொடுத்தாள். மூன்று பிள்ளைகளும் இலையைச் சுற்றி உட்கார்ந்து, பேசாமல், ஒரு பருக்கை விடாமல் தின்றார்கள். கடைக்குட்டி இலையை நக்கினாள்.

"எங்க கெடச்சிச்சு?" என்றாள் பஞ்சாலை.

"லோபாக்குல புதுக்கடைங்க அண்ணி, கட்லெட்டெல்லாம் குடுக்குறாங்க. தோட்டத்து ஆளுங்களுக்கு ஓசியாம்."

"நீ நல்லாருப்ப தாயி" என்று பஞ்சாலை அவள் கன்னத்தைத் தொட்டாள்.

பரணில் தங்கராஜு முதலில் மாத்திரையை விழுங்கினான், அப்புறம் சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். மயிலம்மாள் குரலை இறக்கி ஐந்து கடைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பச்சை மீனைக் கேட்டு முகத்தைச் சுளித்தான். மிளகுத்தண்ணியைக் கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"இம்புட்டையும் சும்மாவா புள்ள குடுத்தாங்க?"

"சும்மாதாங்க. வீட்டு ஆம்பள பேரு மட்டும் கேட்டு எழுதிக்கிட்டான்."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "எம்பேரையா சொன்ன?"

"சீ! ஒங்க பேரை நான் என்னிக்கிச் சொன்னேன்? முருகையா அண்ணன் பேரைக் குடுத்தேன்."

தங்கராஜு கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "தின்னது பொம்பள. அவன் எழுதுனது ஆம்பள பேரு. எதுக்கு மயிலு?"

அந்த ஒரு கேள்வி, சந்து முனையில் அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இப்போது தலையில் இடியாக இறங்கியது. புதுச் சுண்ணாம்பு, ஜப்பான்காரி தலை குனிந்தது, டோரின் சொன்னது, மணிக்கட்டில் ஊதா மை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

"இப்பவே போ. அண்ணன்கிட்டச் சொல்லிப்புடு. புக்கிட் பெலண்டோக் பக்கம் அவரு மச்சான் வீட்டுக்கு ஓடிரட்டும்."

இறங்கிப் போனாள். போகவில்லை என்று சொல்லக்கூடாது. முருகையா லயத்துப் படியில் கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் குழந்தையின் தாடையில் இன்னும் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னா தங்கச்சி, கட்லெட்டுத் தின்னியாமே? அடுத்த தடவ அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போலா!" என்று சிரித்தான்.

ஒங்க பேரை வித்துட்டேண்ணே என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கராஜு வீணாகப் பயப்படுகிறான், கடைக்காரன் ஏதோ கணக்குக்காக எழுதியிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நாளை பிரட்டு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு நாள்தானே. கோழைத்தனத்துக்கு அவள் வைத்த பேர் அது.

காலையில் பிரட்டுக்குப் போனபோது லாரி ஏற்கெனவே களத்தில் நின்றது.

இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியோடு பின்னால் நின்றார்கள். முன்னால், அதே வெள்ளைச் சட்டை, அதே நோட்டுப் புத்தகம், அதே சிரிப்பு. கிராணி அமிர்தலிங்கம் ஆபீஸ் வாசலில் செக்ரோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கணேசமூர்த்தி பேர் வாசிக்க ஆரம்பித்தான்.

"நல்லசாமி. சன்னாசி. ராமசாமி."

மூன்று பேரும் அந்த வாரத்தில் யாருக்கும் சொல்லாமல் சந்துக்குப் போய்த் தின்று வந்தவர்கள். பழக்கதோஷத்தில் "வந்தேங்க" என்று பதில் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். சிப்பாய்கள் பிடரியைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

"முருகையா."

முருகையா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான், வேறு யாரோ முருகையா இருக்கிற மாதிரி. "நான் யாருகிட்டயும் பேரு எதுவும் குடுக்கலிங்களே" என்றான்.

கணேசமூர்த்தி வரிசையை ஒரு பார்வை பார்த்தான். கண் மயிலம்மாளிடம் வந்து நின்றது. "அட, அக்கா! அந்தா நிக்கிறாங்களே ஒங்க தங்கச்சி. அவுங்கதானே குடுத்தாங்க. கட்லெட்டு நல்லாருந்திச்சாக்கா?"

களத்தில் இருந்த அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. பஞ்சாலையின் முகத்தை அவள் பார்த்தாள். அதில் கோபம்கூட இல்லை. நேற்று தன் பிள்ளைகள் தின்றது எது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது.

"அவுங்க எங்கண்ணன் இல்லிங்க!" மயிலம்மாள் வரிசையை விட்டு ஓடி வந்தாள். "நாந்தாங்க பொய் சொன்னேன். தின்னது நானு. என்னைய ஏத்திக்கிட்டுப் போங்க!"

"ஆம்பள பேருக்கு ஆம்பளதாக்கா வேணும்."

சிப்பாய் முருகையாவின் கையை முறுக்கினான். பஞ்சாலை மண்ணில் விழுந்து புருஷன் காலைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகள் அலறின. முருகையா ஒரே ஒரு முறை புகைக்கொட்டகையின் கதவைப் பார்த்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அந்தக் கதவு திறந்தது.

தோளில் புரளும் முடியும், வெயில் படாமல் வெளுத்த முகமும், குச்சிக் காலுமாக ஒருவன் பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தான். வரிசையில் இரண்டு பொம்பளைகள் "பேயி!" என்று வீறிட்டார்கள். எட்டு மாதத்துக்கு முன் அவனுக்காக ஒப்பாரி வைத்தவர்கள் அவர்கள். அவன் பேர் அத்தனை பேரின் நாக்கிலும் வந்துவிட்டது. அது வெளியே விழுவதற்குள் கிராணி, "எவளாவது வாயத் தொறந்தீங்க, இன்னிக்கிப் பேரு கெடையாது!" என்று காட்டுக் கத்தலாகக் கத்தினார். வாய்கள் மூடிக்கொண்டன.

"நாந்தாங்க முருகையா" என்றான் தங்கராஜு. குரல் பரண் தூசியில் கரகரத்தது. "சயாமுக்குப் பயந்து ஒளிஞ்சிக்கிட்டிருந்தேன். அந்த ஆள விட்டுருங்க. அவன் வேற ஆளு."

கணேசமூர்த்தி முதல் முறையாகச் சிரிப்பை நிறுத்தினான். இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரு கிராணி இவன்?"

அமிர்தலிங்கம் செக்ரோலைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி புரட்ட ஆரம்பித்தார்.

"கிராணி என்னாத்துக்கு? பேரு குடுத்தவுங்களே இருக்காங்களே." கணேசமூர்த்தி மயிலம்மாளைத் தோளைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். "அக்கா, இதுல ஒங்கண்ணன் யாரு? கையக் காட்டுங்க. ஒருத்தன் போதும் எனக்கு."

மயிலம்மாள் முருகையாவைப் பார்த்தாள். நான்தான் முருகையா என்று அவன் சொல்வான் என்று ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்பதுதான் உண்மை. அதை மாற்றிச் சொல்வதற்கில்லை. முருகையா வாயைத் திறந்தான். காலடியில் கிடந்த பஞ்சாலையையும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளையும் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கராஜு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சலில் கண் பளபளத்தது. சொல்லு என்று இமையால் சொன்னான், அடுப்படியில் உப்புப் போதும் என்று சொல்வதைப் போல. இந்த உயிரைக் காப்பாற்றத்தான் அவள் பொட்டழித்தாள், பொய்யாக ஒப்பாரி வைத்தாள், ஆறு மைல் நடந்தாள். இப்போது அதே கையை நீட்டி இந்த உயிரைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று பிள்ளைகளின் தகப்பனைக் கொடுக்க வேண்டும். மண்டைக்குள் எல்லாம் வெறுமையாக இருந்தது.

கை உயர்ந்தது, தங்கராஜுவை நோக்கி.

"இவுங்கதான்" என்றாள். தன் குரல் யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. "இவுங்கதான் எங்கண்ணன்."

வரிசையில் ஒரு பொம்பளை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சிப்பாய் முருகையாவைத் தள்ளிவிட்டு, தங்கராஜுவை இழுத்துக்கொண்டு போனான். லாரியில் ஏற அவனுக்குத் தெம்பில்லை. ஏற்கெனவே ஏறியிருந்த நல்லசாமி குனிந்து கை கொடுத்துத் தூக்கினான். பின்கதவைச் சாத்தும்போது தங்கராஜு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கணேசமூர்த்தி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அழுவாத தங்கச்சி" என்றான் தங்கராஜு. "மிச்ச மாத்திரைய வீணாக்காத. வீட்டுக்குப் போ."

லாரி கிளம்பிச் சிரம்பான் பாதையில் திரும்பியது. கிராணி ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் பேர் போடவில்லை. வரிசை மெல்லக் கலைந்தது. மயிலம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள், நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சாலை மண்ணிலிருந்து எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.